நடைபாதையை எதிர்த்துக் கையெழுத்திட்டவனின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் தெருவின் இருபுறமும் நடைபாதை அமைக்க வந்தவர்களைப் பொதுமக்கள் திருப்பி அனுப்பினார்கள் என்ற செய்தி தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியாகியிருந்தது. செய்தியில் பிழையேதும் இல்லை. சுண்ணாம்புக் கோடு பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது; மறுநாளே தெருவாசிகள் கையெழுத்திட்ட மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. ‘பொதுமக்கள் எதிர்ப்பு’ என்ற தலைப்பைப் படிப்பவர்களுக்கு எல்லாரும் ஒரே காரணத்துக்காக நின்றதுபோல் தோன்றும் என்பதாலும், மனுவில் சொன்ன காரணங்களில் எவை நியாயமானவை, எவை நியாயத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவை என்று பிறகு யோசித்துப் பார்த்ததில் எனக்கே சற்று வெட்கம் ஏற்பட்டதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே பாக் நீரிணையை ஒட்டிக் கிடக்கும் சிறிய ஊராட்சிகளில் எங்களுடையதும் ஒன்று. கிளை அஞ்சலகத்தில் கிராமிய அஞ்சல் பணியாளனாக 31 ஆண்டுகள் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வீட்டு வாசலில் எத்தனை படி, எந்தப் படி ஆடும், எந்தத் திண்ணையில் நாய் படுத்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே தெருவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது அந்தத் தெருவில் தார் கிடையாது. கடற்கரையை நெருங்க நெருங்க மணல் ஏறிக்கொண்டே போகும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிறகு தார் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிய தளத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தெரு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று உயர்ந்தது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வரத் தொடங்கியதும், பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் வாசலுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் திட்டு எழுப்பிக்கொண்டார்கள். கையில் காசு சேர்ந்தவர்களோ, அது விசைப்படகுக் காசானாலும் வளைகுடா நாட்டுக் காசானாலும், பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது இனி வரப்போகும் தார்த் தளங்களையும் கணக்கில் சேர்த்துத் தரைமட்டத்தை நான்கடி உயர்த்திக்கொண்டார்கள். நான்கடி ஏற ஆறேழு படி வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கால் வைக்க முக்கால் அடியாவது அகலம் வேண்டும். அந்தப் படிகளை மனைக்குள் கட்டினால் முன்னறை சுருங்கும். படிகள் தெருவில் இறங்கின. இன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டும், அதன் பக்கத்து வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும்.

புல வரைபடத்தில் இத்தெருவின் அகலம் 24 அடி. சென்ற மாதம் அளவு நாடாவின் ஒரு முனையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு அளந்து பார்த்தேன். குறுகலான இடத்தில் 17 அடிதான் இருக்கிறது. மீதி ஏழடியில் படிகள், மோட்டார் சைக்கிள் ஏற்றும் சாய்தளங்கள், கடைகளின் தகரக் கொட்டகைக் கால்கள், ஓரிரு பூந்தொட்டிகள். இதை ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் படிகளில் பாதி, சாலை போட்ட விதத்தால் பிறந்தவை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதியது செய்தித்தாள்களில் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் மேலே மேலேதான் போட்டார்கள்.

இந்த நிலையில், இரு ஓரத்திலும் ஒரே உயரத்தில் பேவர் பிளாக் மேடை எழுப்புவோம் என்று வந்தால், இறங்கிப் போகும் வீட்டுக்காரர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? தெருவுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவே ஓர் அணை கட்டுவதாகத்தான் அவர்கள் கண்ணுக்குப் படும். அவர்கள் அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. மேடைக்கு அடியில் மூடிய வடிகால் வந்து, அதில் வீட்டு வாசல் நீரும் தெரு நீரும் இறங்க வழி இருந்தால், நடைபாதை அவர்களைக் காப்பாற்றும். வடிகால் இல்லாத மேடை அவர்களை மூழ்கடிக்கும். எங்கள் கடற்கரையோ தட்டையான பூமி. வாடைக் காற்று அடிக்கும் நாட்களில் கடல்நீரே வாய்க்கால் வழியாக மேலே ஏறி வரும். வடிகாலின் மட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கடல் ஏறும் நாளில் அதன் வாய் எப்படி அடைபடும் என்பதைக் காட்டும் ஒரு தாள் அந்த மதிப்பீட்டில் இருந்ததா என்று கேட்டோம். அளவெடுக்க வந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. மனுவின் முதல் காரணம் இதுதான், அதை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது காரணம் தண்ணீர் வண்டி. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. குடங்கள் உட்காரும்படி பலகை போட்டு, சின்னச் சக்கரங்கள் வைத்த தள்ளுவண்டி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயடிக்கும் ஊற்றுக்கும் எங்கள் பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். நிறைகுடங்களோடு வரும் வண்டியை ஆறு அங்குலக் கட்டை மேல் ஏற்ற ஆண்பிள்ளையாலும் முடியாது. மேடையில் ஏற முடியாத வண்டி, குறுகிப்போன தெருவில் ஐஸ் லாரியோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். நடைபாதை வரைந்தவர் இந்த வண்டியைக் கண்ணால் கண்டிருந்தால், முனைக்கு முனை சாய்வு வைத்திருப்பார்.

மனுவில் மூன்று பூவரச மரங்களும் இடம்பெற்றன. வலை பின்னுபவர்களுக்கும் கருவாடு விற்கும் ஆச்சிகளுக்கும் அந்த நிழல்தான் கூரை. மரத்தை வெட்டாமல் மேடையை அதைச் சுற்றி வளைப்பதும், வேருக்கு மண் விட்டுவிடுவதும் பெரிய பொறியியல் இல்லை. மீன் விற்கும் பெண்கள் உட்காரும் இடத்தையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நகரங்களில் சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன்படி குழு இருக்கிறது; ஊராட்சியில் உட்கார்ந்து விற்கும் பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பழக்கத்தைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்களுக்கென்று இடம் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். சந்தனக்கூடும் சப்பரமும் வரும் நாளில் தெருவின் நடுவே தடையில்லாத அகலம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதையும் மறுப்பதற்கில்லை.

இனி, மனுவில் எழுதக் கூடாதிருந்தவை.

‘குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு நடக்க மேடை எதற்கு’ என்ற வரியை எழுதியவர் என் நண்பர். கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கேட்பதற்கு ஆணி அடித்தாற்போல் இருந்தாலும் கணக்கு அப்படி ஓடுவதில்லை. 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொண்டால், ஊராட்சிகளுக்கு வந்த தொகையில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று ஒதுக்கப்பட்டது; மீதி 40 விழுக்காடுதான் ஊரின் மற்றத் தேவைகளுக்கு. ஒரு தலைப்பின் பணம் இன்னொரு தலைப்புக்கு அவ்வளவு எளிதில் போகாது. நடைபாதையை நிறுத்திவிட்டால் அந்தத் தொகை எங்கள் குடத்துக்குள் வந்து விழும் என்று நாங்கள் யாரும் உண்மையில் நம்பவில்லை. தண்ணீர்க் குறையைத் தண்ணீருக்காகவே கேட்க வேண்டும், அதைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பது முறையில்லை.

இன்னொரு வரி, இந்த நடைபாதை ‘வேறு ஏதோ பெரிய திட்டத்துக்கான முன்னோட்டம்’ என்பது. இந்த ஐயத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் எங்கள் பகுதியின் நினைவு அப்படிப்பட்டது. சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2 அன்று தொடங்கி வைக்கப்பட்டுக் கடலைத் தோண்டியதோடு நின்றது. பக்கத்திலேயே உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்காக நிலம் எடுத்துக் கடலுக்குள் பாலம் கட்டத் தொடங்கியபோது மீனவர்கள் படகில் போய்ப் போராடினார்கள். 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று அந்த வேலையும் பாதியில் நின்றது. அளவு நாடாவோடும் சுண்ணாம்பு மூட்டையோடும் யார் வந்தாலும் எங்கள் பெண்கள் முதலில் கேட்பது ‘எதுக்கு அளக்குறீய?’ என்றுதான். கேள்வி சரியானது. ஆனால் அதற்குப் பதில் கிடைக்கும் முன்பே ஆறடி அகல மேடைக்கு அனல் மின் நிலையத்தின் நிறத்தைப் பூசிவிட்டோம். நாளைக்கு உண்மையிலேயே எதிர்க்க வேண்டிய ஒன்று வரும்போது, இவர்கள் எதையும் எதிர்ப்பவர்கள் என்று எங்களைத் தள்ளிவிடுவது சுலபமாகிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

மனுவில் எழுதப்படாத காரணம் ஒன்றும் உண்டு. கூட்டத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கோடு எவர் எவர் படியின் குறுக்கே போனதோ, அவர்களுடைய குரல்தான் உரக்கக் கேட்டது. என் வீட்டுக்கு நான்கு படிகள். அவை தெருவில் மூன்றடி நீண்டிருக்கின்றன. கோடு மேலிருந்து இரண்டாவது படியின் குறுக்கே போயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதக் காலையில், ஐஸ் ஏற்றி வந்த லாரிக்கு ஒதுங்கிய அப்பத்தா ஒருத்தி அந்தப் படியில் இடறி விழுந்தார். தலையில் மீன் கூடை. இடுப்பெலும்பு முறிந்து, இராமநாதபுரத்தில் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போன என்னிடம், ‘நீ என்ன செய்வே தம்பி, வண்டிக்கு ஒதுங்க வேற எடமில்லையே’ என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தை எடுத்துக்கொண்டவன் நான் என்பதை அவரும் அறிவார். அதற்குப் பிறகு அவர் கூடை தூக்கவில்லை. நானோ ஏழாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

2022இல் இந்தியச் சாலைகளில் விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர். அப்பத்தாவைப் போல் விழுந்து எழுந்தவர்கள் அக்கணக்கில் வரமாட்டார்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் விதத்தில் அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எலும்பு மருத்துவர் வழக்குத் தொடுத்ததில் வியப்பில்லை, நம் தெருக்களின் கணக்குப் புத்தகம் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே என் கையெழுத்தை நான் திரும்பப் பெறவில்லை; அது எதற்காக என்பதை மாற்றிக்கொள்கிறேன். பணியை நிறுத்துங்கள் என்பதற்குப் பதில், வரைபடத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். சாலை அமைப்புக்கான நெறிகளை வகுக்கும் இந்திய சாலைகள் பேராயத்தின் வழிகாட்டுதலில் நடைபாதையின் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடி. விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஆறடி எடுத்தால் 24 அடித் தெருவில் வண்டிகளுக்குப் 12 அடிதான் மிஞ்சும், சப்பரம் திரும்பாது. ஒரு பக்கம் மட்டும், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் இருக்கும் வடக்கு ஓரத்தில் போட்டால் 18 அடி மிஞ்சும். அதற்கு முன்பு தார்ப் பரப்பைச் சுரண்டித் தெருவின் மட்டத்தை இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். மட்டம் இறங்கினால், இறங்கிப் போகும் வீட்டுக்காரர்களின் வாசலும் ஒருவாறு தெருவோடு சமமாகும். விளிம்புக் கல்லை நான்கு அங்குலத்திலேயே நிறுத்தலாம். தண்ணீர் வண்டிக்குச் சாய்வு வைப்பதும் எளிது. தென்புறப் படிகளில் தெருவுக்கு இடையூறானவற்றை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக் கட்ட, இடிக்கும் முன் மூன்று மாத அவகாசம் தரலாம்.

கட்டுமானம் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்க் கிணற்று உவர்நீரில் குழைத்த காங்கிரீட்டின் கதியைப் பழைய பேருந்து நிழற்குடையில் தினமும் பார்க்கிறோம். உப்பு உள்ளே போய்க் கம்பி துருவேறிப் பருத்து, மேல்பூச்சு வெடித்து விழுகிறது. வடிகாலின் மேல்மூடிகளும் அப்படி உடைந்தால், நடைபாதையே பொறியாகிவிடும். நல்ல தண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும், கடல் மணல் ஒரு சட்டி கூடக் கலக்கக் கூடாது. கலவை போடும் அன்று ஊரார் இரண்டு பேர் அருகே நிற்பதில் ஒப்பந்ததாரருக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை. வேலைக்கு உகந்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஐஸ் லாரி நடமாட்டம் குறைந்திருக்கும், மழையும் இராது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒரு பக்கம் வழி விட்டால் போதும். வலை பின்னுபவர்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்ற, கோடை விடுமுறை தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் கேட்டால் மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

நிர்வாகத்தாரிடம் கேட்பது இன்னும் எளிது. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தன. முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இப்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தெருவில் வைத்துக் கேட்டோம், அது தகராறாக முடிந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் இருக்கின்றன. மதிப்பீட்டையும் மட்ட வரைபடத்தையும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அஞ்சலகத்துக்கு எதிரே உள்ள பலகையில் ஒட்டட்டும். வேலை முடிந்த பிறகு கல்வெட்டில் தொகையைப் பொறிப்பதைக் காட்டிலும் அதற்குச் செலவு குறைவு. நில அளவரும் அன்று வந்து, புல வரைபடப்படி 24 அடியை எல்லார் முன்னிலையிலும் அளந்து கல் நடட்டும்.

நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன். முதலில் என் வாசலிலிருந்தே தொடங்கலாம். படியைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். ‘எதிர்வீட்டுப் படியை எடுத்த மறுநாள் நம்ம படியை எடுக்கலாம்’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டிலும் எங்களைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள் என்று கொத்தனார் தெரிவித்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமிய அஞ்சல் பணியாளர்,
இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊராட்சி